சௌக்கியம் சொன்ன குழி

ஒரு காட்டில் மூக்காயி என்றொரு பெருச்சாளி இருந்தது. குட்டியாக இருந்தபோது கேட்ட ஓர் ஓசை அதன் காதை விட்டுப் போகவே இல்லை.

“தொப்!”

விளாம்பழம் தானாகப் பழுத்து, தானாக விழும் ஓசை அது. இப்போதோ காடெங்கும் “விர்ர்ர்… டமார்!” என்றுதான் கேட்டது. யாரோ யாருடைய மண்டையையோ குறிபார்த்து எறியும் ஓசை.

எல்லாம் ஒரு குழியால் வந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருந்த அந்தக் குழியில் காக்காப்பொன் கிடைத்தது. ஏடு ஏடாக உரிந்து பளபளக்கும் கல்.

“குழி எங்களுடையது!” என்றன கிழக்குக் குன்றின் கறுப்புக் குரங்குகள்.

“எங்கள் தாத்தாவுடையது!” என்றன மேற்குக் குன்றின் செம்முகக் குரங்குகள்.

உள்ளே இறங்கித் தோண்டியது மட்டும் பெருச்சாளிகள். காலையில் கறுப்புக் குரங்குகள் வந்து மிரட்டும்; மாலையில் செம்முகங்கள் வந்து மிரட்டும். கூடை நிரம்பாவிட்டால் வாலில் ஒரு கடி. இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்துவிடாதபடி நேரம் பிரித்துக் கொடுத்தது ஒரு நரி.

நரி அந்தக் கூடைகளை அக்கரை மயில்களிடம் கொண்டுபோகும். மயில்கள் கல்லைத் தோகையில் ஒட்டிக்கொண்டு ஆடும்; பதிலுக்கு விளாம்பழம் தரும். நரி அதை இரண்டு குன்றுக்கும் பங்கு போடும். குரங்குகள் ஒன்றைத் தின்னும், ஒன்பதை எறியும். இக்கரை மரங்களில் இருந்ததையெல்லாம் அவை பிஞ்சிலேயே பறித்து எறிந்து தீர்த்திருந்தன.

ஒருநாள் மயில்களின் காதில் சேதி விழுந்தது.

“கல்லில் வால் இரத்தமா! எனக்கு மயக்கம் வருகிறதே!” என்று தலைமை மயில் சரிந்தது. யாரும் தாங்கிப் பிடிக்காததால் தானே நிமிர்ந்துகொண்டது. “இனிக் கூடைக்கு ஓர் ஆலிலை வேண்டும். ‘இதற்காக எந்த வாலும் கடிபடவில்லை’ என்று அதில் எழுதியிருக்க வேண்டும்!”

எழுதும் வேலை ஆமைக்குக் கிடைத்தது. ஆமை மாதம் ஒருமுறை வரும். குழியிலிருந்து பத்தடி தள்ளி, புங்கமர நிழலில் ஒரே இடத்தில் உட்காரும்.

“இறங்கிப் பார்க்கலாம்தான். நேற்றுதான் ஓட்டைத் துடைத்தேன்” என்று சொல்லித் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு, “கீழே எல்லோரும் சௌக்கியமா?” என்று கேட்கும். 

உடனே நரி தன் பின்பக்கத்தால் குழிவாயை அடைத்து உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சௌக்கியம் ஐயா, சௌக்கியம்! வால் நாளுக்கு நாள் வளர்கிறது!” என்று கீச்சுக்குரலில் சொல்லும்.

“மிக்க மகிழ்ச்சி” என்று ஆமை இலையில் எழுதிக் கொடுத்துவிடும்.

உள்ளே மூக்காயி கத்துவது நரியின் பின்பக்கத்தைத் தாண்டி வெளியே போகாது.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு மாலை, செம்முகத் தலைவன் வந்து சொன்னது: “பாறை இடுக்கு குறுகிவிட்டது. அடுத்த மாதம் உங்கள் குட்டிகளும் இறங்கட்டும்.”

மூக்காயிக்கு ஆறு குட்டிகள். ஆறுக்கும் வால் முழுசாக இருந்தது. மூக்காயி தன் அரை வாலைத் திரும்பிப் பார்த்தது.

“அக்கா, ஆமை ஐயாவிடம் சொல்லிப் பார்ப்போமா?” என்றது தங்கை.

“அவர் இறங்கி வரமாட்டார், தங்கச்சி.”

“அப்புறம்?”

“நாம் இறக்கிவிடுவோம். யார் யாருக்கோ தோண்டினோமே, ஒருதடவை நமக்காகத் தோண்டுவோம்.”

குழியிலிருந்து புங்கமரத்தடி வரைக்கும் பெருச்சாளிகள் சுரங்கம் போட்டன. மேலே அப்பளக் கனத்துக்கு மண்ணை விட்டுவைத்தன.

ஆமை வந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. தலையை இழுத்துக்கொண்டது. “கீழே எல்லோரும் சௌ…”

தொபுக்கடீர்!

ஆமை மல்லாந்து கிடந்தது. நான்கு கால்களும் காற்றில் நீந்தின. சுற்றிலும் முப்பது பெருச்சாளிகள்.

“ஐயா சௌக்கியமா?” என்று கேட்டது மூக்காயி.

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. ஒவ்வொன்றாகப் பார்த்தது. “உங்கள் வாலெல்லாம் எங்கே?”

“பாதி கிழக்கே. பாதி மேற்கே.”

அந்த நேரத்தில், எதையும் கவனிக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நரி, “சௌக்கியம் ஐயா, சௌக்கியம்!” என்றது.

கீழே இருந்து வரவேண்டிய குரல் மேலே இருந்து வந்தது. ஆமையின் முகம் கறுத்தது.

அன்றைக்கு ஆமை எழுதிய இலையைப் படித்ததும் மயில்கள் அலறின. “இந்தக் கல்லை ஆற்றில் எறியுங்கள்!”

“எறிந்தது போதும் அம்மா” என்றது, இலையோடு கூடவே அக்கரைக்கு வந்திருந்த மூக்காயி. “எங்களுக்கும் அதுதான் சோறு. பழத்தை நரியிடம் கொடுக்காமல் எங்கள் கையில் கொடுங்கள். குழிக்குள் வந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.”

“தோகை அழுக்காகுமே!”

“ஆகும்” என்றது மூக்காயி.

அழுக்காயிற்று. பழங்கள் குரங்குகள் நுழைய முடியாத ஆழத்து வளைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. பங்கு போட ஒன்றும் இல்லாமல் நரி வேறு காடு பார்த்துப் போனது.

பத்தே நாளில் குன்றுகளில் கையிருப்பு தீர்ந்தது.

“ஏய், எறிய ஒரு பழம் கடன் கொடேன்!” என்று கத்தியது செம்முகத் தலைவன்.

“உன்னிடம் கேட்கலாம் என்றுதானே நானும் இருந்தேன்!” என்றது கறுப்புத் தலைவன்.

வயிறும் காய்ந்தது. இரண்டும் தலையைச் சொறிந்துகொண்டு குழிவாயில் வந்து நின்றன.

“பழம் உண்டு” என்றது மூக்காயி. “ஆனால் உடைத்துத்தான் தருவேன். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்குப் பாதி தின்ன வேண்டும். குட்டிகள் குழிக்குள் இறங்காது. வாலில் பல் படக்கூடாது.”

உடைத்த பழத்தைத் தின்னலாம், எறிய முடியாது. குரங்குகள் உறுமிக்கொண்டே உட்கார்ந்தன. பழ ஓட்டை வழித்து நக்கும்போது உறுமல் தானாக நின்றது. பழம் உடைக்க ஆமை தன் முதுகைக் கொடுத்தது. ஓட்டைத் துடைப்பதை அது எப்போதோ விட்டுவிட்டது.

பிஞ்சைப் பறிக்க ஆளில்லாததால் இக்கரை மரங்களும் பழுத்தன. ஒரு காலையில் “தொப்!” என்று கேட்டது. குட்டிகள் ஆறும் பயந்து அம்மாவின் வயிற்றடியில் பதுங்கின. 

“ஒன்றுமில்லை” என்றது மூக்காயி. “தானாக விழுந்தது.”

அந்த ஆறு குட்டிகளும் முழு வாலோடு வளர்ந்தன. மூக்காயியின் வால் மட்டும் கடைசிவரை முளைக்கவில்லை.

நீதி: ஒருவர் நலமா என்பதை அவர் இருக்கும் இடத்துக்கே போய், அவரிடமே கேட்க வேண்டும்.