மூவர் ஆடிய கூழாங்கல் ஆட்டம்

ஒரு காட்டுக் குளத்தில் மருதாயி என்ற ஆமை இருந்தது. போன மழையில் குளம் உடைந்து வெள்ளம் பாய்ந்தபோது அதன் ஒரே மகள் தண்ணீரோடு போய்விட்டாள். அன்றிலிருந்து ஆமைக்குக் குளத்தில் இருப்பே கொள்ளவில்லை.

கோடை வந்தது. குளம் சேறாகிவிட்டது. ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நாரை பறந்து வந்தது.

"மருதாயி! உன் மகள் உயிரோடு இருக்கிறாள்! மலைக்கு அப்பால் பெரிய ஏரியில் இருக்கிறாள்!"

"என்ன சொன்னாள்? என்னைக் கேட்டாளா?"

"உன்னைத்தான் கேட்டாள். 'முதல் மழை வரை காத்திருப்பேன். ஏரி நிரம்பினால் எங்கள் கூட்டம் கால்வாயோடு போய்விடும். அதற்குள் அம்மாவை வரச் சொல்' என்றாள்."

ஆமை மலையைப் பார்த்தது. வெறும் பாறை. வெயிலில் அனல் அடித்தது. 'நான் எப்படி நடப்பேன்? பாதியிலேயே காய்ந்துபோவேன்' என்று நினைத்தது.

அந்தக் காட்டில் மலையைத் தாண்ட ஒரு வழி இருந்தது. ஒரு கிழட்டு யானை முதுகில் ஏற்றி ஒரே நாளில் அந்தப் பக்கம் விட்டுவிடும். எத்தனை பேர் ஏறினாலும் அதற்குக் கூலி அறுபது விளாம்பழம். இல்லாமல் நகராது.

ஆமையிடம் நான்கு பழம்தான் இருந்தது. அது தன் சிநேகிதி அணிலிடம் போய்ச் சொன்னது. அணிலின் பெயர் தூவி.

"அக்கா, எனக்கும் அந்தப் பக்கம் போக வேண்டும்! அங்கே நாவல் மரங்கள் இருக்கின்றனவாம். இங்கே ஒரு இலைகூட மிச்சமில்லை. என்னிடம் மூன்று பழம் இருக்கிறது."

புதருக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "என்னிடமும் மூன்று இருக்கிறது."

அது வீரணன் என்ற முள்ளம்பன்றி. முள்ளுக்குப் பயந்து யாரும் அதன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

"உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் அண்ணே?" என்று அணில் கேட்டது.

"அங்கேயும் யாரும் இல்லை. இங்கேயும் யாரும் இல்லை. நீங்கள் கூட்டிப் போனால் வருகிறேன்."

மூவரிடமும் சேர்த்துப் பத்துப் பழம். மற்ற விளாம்பழங்கள் எல்லாம் எங்கே? ஒரு கீரி நடத்திய சூதாட்டக் களத்தில் குவிந்து கிடந்தன!

கீரியின் ஆட்டம் எளிது. ஒரு பானையில் இருபது வெள்ளைக் கூழாங்கல், இருபது கருப்புக் கூழாங்கல். கீரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். அதன் நிறத்தைச் சரியாகச் சொன்னால், வைத்த பழத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு கிடைக்கும். தப்பாகச் சொன்னால் வைத்ததும் போகும். எடுத்த கல்லைக் கீரி தன் முதுகுக்குப் பின்னால் இருந்த குழியில் போட்டுவிடும். பானை காலியாகும் வரை திரும்பப் போடாது.

ஆமை யோசித்தது. "போன கற்களை எண்ணிக்கொண்டே வந்தால், பானைக்குள் எந்த நிறம் அதிகம் என்று தெரிந்துவிடும்! தூவி, நாம் கூட்டாக ஆடுவோம். ஆனால் ஒருவரை ஒருவர் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. தெரிந்தால் கீரி விடாது."

அப்படியே செய்தார்கள். ஆமை பானைக்குப் பக்கத்தில் தூங்குவதுபோல் கிடந்து எண்ணும். வெள்ளை அதிகம் இருந்தால் தலையை நீட்டும். கருப்பு அதிகம் இருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். முள்ளம்பன்றிக்குப் பகலில் கண் மங்கல். அதனால் அணில் அதன் அருகில் நின்று, வெள்ளைக்கு வாலைத் தூக்கும், கருப்புக்குத் தாழ்த்தும். முள்ளம்பன்றி அதன்படி பழம் வைக்கும்.

"இன்னொன்று," என்றது ஆமை. "அறுபது சேர்ந்ததும் தூவி இரண்டு கையாலும் முகத்தைத் துடைப்பாள். உடனே எழுந்துவிட வேண்டும், வீரணா!"

"சத்தியமாக எழுந்துவிடுவேன், அக்கா!"

ஒரேயடியாக ஜெயித்தால் கீரிக்குச் சந்தேகம் வரும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று சேர்த்தார்கள். சில நாள் வேண்டுமென்றே தோற்றார்கள். ஆமை பகலெல்லாம் கல்லை எண்ணியது. கல் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் மகளை நினைத்துக்கொண்டது. வானத்தில் ஒரு சின்ன மேகம் தெரிந்தாலும் அதற்கு நெஞ்சு பதறியது.

இருபது நாள் போயின. இருபத்தோராம் நாள் உச்சி வெயிலில் அறுபத்திரண்டு பழம் சேர்ந்துவிட்டது!

அணில் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தது.

முள்ளம்பன்றி எழப்போனது. அதற்குள் கீரி ஓடி வந்தது.

"வீரண ஐயா! அதற்குள் கிளம்பினால் எப்படி? உங்களைப்போல் ஆடுகிறவர் இந்தக் காட்டிலேயே இல்லை! யாரங்கே, ஐயாவுக்குத் தாமரை இலை விரியுங்கள்!"

முயலும் குரங்கும் நகர்ந்து இடம் விட்டன. எல்லாரும் தன்னையே பார்ப்பது முள்ளம்பன்றிக்குத் தெரிந்தது. அது இலையில் உட்கார்ந்தது.

"இன்னும் ஒரே ஒரு கல்," என்றது.

அப்போதுதான் பானையைப் புதிதாக நிரப்பியிருந்தார்கள். எண்ணிச் சொல்ல ஆமையிடம் ஒன்றும் இல்லை. அணில் மறுபடி முகத்தைத் துடைத்தது. முள்ளம்பன்றி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வெள்ளை! முப்பது பழம்!"

கருப்பு வந்தது.

"போனால் போகிறது ஐயா, அடுத்த கல்லில் எடுத்துவிடலாம்!" என்றது கீரி.

முள்ளம்பன்றி மிச்சத்தையும் முன்னால் தள்ளியது. ஆமையால் பொறுக்க முடியவில்லை.

"வேண்டாம் வீரணா! எழுந்திரு! என் மகள் காத்திருக்கிறாள்!"

கீரி ஆமையைப் பார்த்தது. பிறகு அணிலைப் பார்த்தது.

"ஓகோ! மூன்று பேரும் கூட்டா? என் களத்தில் கூட்டாட்டமா?"

கீரி பழங்களைப் பிடுங்கிக்கொண்டு மூவரையும் விரட்டிவிட்டது.

வெளியே வந்ததும் முள்ளம்பன்றி அழுதது. "என்னை ஐயா என்று கூப்பிட்டான், அக்கா. இதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை."

ஆமைக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

"வா, நடக்கலாம்," என்றது.

மூவரும் மலை ஏறினார்கள். காலையிலும் மாலையிலும் நடந்தார்கள். வெயில் ஏறினால் பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். அணில் முன்னால் ஓடி ஈரமான இடத்தைத் தேடி வந்து சொன்னது. முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டி ஆமைக்குக் குளிர்ந்த குழி செய்து கொடுத்தது.

பத்தாம் நாள் முதல் மழை பெய்தது. காடே குதித்துக் கூத்தாடியது. ஆமை மட்டும் மழையில் நின்று அழுதது.

பதினான்காம் நாள் ஏரிக்கரையை அடைந்தார்கள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"இங்கே ஆமைக் கூட்டம் இருந்ததே?" என்று மருதாயி கேட்டது.

"மழை பெய்த அன்றைக்கே போய்விட்டார்கள். ஒரு சின்ன ஆமை மட்டும் போகமாட்டேன் என்று இந்தக் கல்லிலேயே இருந்தாள். மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுத் தண்ணீர் கல்லுக்கு மேல் ஏறி அவளையும் இழுத்துப் போய்விட்டது. நீங்கள் எத்தனை நாள் நடந்தீர்கள்?"

"பதினான்கு நாள்."

"சேதி வந்து எத்தனை நாள் ஆயிற்று?"

ஆமை தண்ணீரில் இறங்கியது. கால்வாய் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டது. பிறகு திரும்பிப் பார்க்காமல் நீந்தத் தொடங்கியது. அணிலும் முள்ளம்பன்றியும் அதன் முதுகு ஓடு கண்ணுக்குத் தெரிந்தவரை கரையோரமாக ஓடிக்கொண்டே இருந்தன.

சூதில் விட்ட பொருளை ஒருவேளை என்றைக்காவது சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தக் களத்தில் உட்கார்ந்து விட்ட நாட்களை எத்தனை பேர் கூட்டுச் சேர்ந்தாலும் திரும்ப ஜெயிக்க முடியாது.