முள்ளிமலையில நாச்சிமுத்தண்ணன் போட்ட டென்ட்டு

நாச்சிமுத்தண்ணன் பொய் சொல்ற ஆளுன்னு நான் சொல்ல வரல. அவரு சொல்றதுல கொஞ்சம் நடந்தது, கொஞ்சம் நடந்திருக்கலாம், மிச்சம் நடக்கறதுக்கு இன்னும் வேளை வரல. அவ்வளவுதான். தொழில் சாமியானாப் பந்தல். எங்க கீழ்ப்பாறையில கல்யாணம், சீரு, எழவு எதுவானாலும் அவரு துணிதான் நிக்கும். மழை வந்தா பந்தலுக்கு வெளியில நிக்கறவன் கம்மியா நனைவான்.

முள்ளிமலைக் காட்டுக்குள்ள சனங்க வந்து ராத் தங்கறதுக்கு அணைக்கரையில வனத்துறை கொஞ்சம் டென்ட்டு போட்டு வெச்சிருக்கு. லீவு நாள்ல இடம் பத்தறதில்ல. அதைப் பெருசாக்கப் போறோம், ஊர்க்காரங்க வந்து கருத்துச் சொல்லுங்கன்னு ரேஞ்ச் ஆபீஸ்ல ஒரு கூட்டம் வெச்சாங்க. மத்தியானத்தோட முடிஞ்சுரும்னும் சொல்லிட்டாங்க.

சரசக்காவுக்கு அந்தக் கூட்டம் முக்கியம். இப்ப இருக்கற டென்ட்டுகளுக்கு அவங்க மகளிர் குழுதான் சமைச்சுப் போடுது. பெருசானா எவனாவது வெளியூர் கம்பெனிக்காரன் வந்து கேன்டீன் வெச்சுட்டா குழுவுல இருக்கற பொம்பளைங்க எல்லாம் பழையபடி செங்கல் சூளைக்குத்தான் போகணும். நாச்சிமுத்தண்ணனுக்கு டென்ட்டு போடற வேலை வேணும். எனக்குப் பஞ்சர் கடை, கார் நெறைய வந்தாச் சரி. சைனு பாய் ஜீப்புல ஏறிக் கெளம்பினோம்.

பாதி வழி போயிருப்போம். ஒரு வளைவு திரும்பினதும் பாய் பிரேக்கை அழுத்தினாரு. ரோட்டுக்கு நடுவுல ஒரு ஒத்தை யானை. ஆண் யானை. மூங்கிலை ஒடிச்சுத் தின்னுக்கிட்டு, எங்களைப் பாத்தும் பாக்காத மாதிரி நின்னுச்சு. பின்னாடி எடுக்கலாம்னா ஒரு பக்கம் பள்ளம். பாய் எஞ்சினை நிறுத்திட்டு, "யாரும் பேசாம இருங்க, அதுவாப் போகட்டும்" அப்படின்னாரு.

பேசாம இருங்கன்னு சொன்னா நாச்சிமுத்தண்ணனுக்குப் பேச்சு வந்துரும். குரலை மட்டும் தணிச்சுக்கிட்டாரு.

"அணைக்கரையில மொதல் டென்ட்டு போட்டது யாருன்னு தெரியுமா?"

"வனத்துறை" அப்படின்னாங்க சரசக்கா.

"அவங்க போர்டு வெச்சாங்க அம்மிணி. டென்ட்டு போட்டது நானு. கல்யாணப் பந்தல் துணியை ரெட்டையா மடிச்சுத் தெச்சது. அதுல கோயமுத்தூர்க் குடும்பம் ஒண்ணு படுத்துச்சு. ஆடிக்காத்து வந்து முளைக்குச்சியோட பிடுங்கிக்கிச்சு. குடும்பத்தோட மேல போயி, அணையைத் தாண்டி, கேரளா செக்போஸ்ட்டுல எறங்குச்சு. அங்க இருந்தவன் நல்ல மனுசன். தூங்கறவங்களை எதுக்கு எழுப்பணும்னு கேட்டைத் தெறந்து விட்டிருக்கான். எதிர்க்காத்து அடிச்சதும் திரும்பி வந்து அதே எடத்துல நட்டுக்கிச்சு. அவங்க எந்திரிச்சு, கனவுல பூராவும் மலையாளத்துலயே பேசுனோம்னாங்க."

"முளைக்குச்சி அதே குழியிலயா எறங்குச்சு?"ன்னு நான் கேட்டேன்.

"கொஞ்சம் தள்ளித்தான் எறங்குச்சு தம்பி. இல்லாததைச் சொல்லக் கூடாது."

யானை அடுத்த மூங்கிலை இழுத்துச்சு. பாய் கண்ணை எடுக்காம அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"இந்தச் சேதி வெளிய போயி சனம் குவிஞ்சிருச்சு. எடம் பத்தல. கரை பூராவும் பாறை. ஜேசிபியைக் கொண்டாந்தாங்க, அது பாறையைப் பாத்துட்டு அழுதுச்சு. அப்பத்தான் நான் யானைகளைக் கூப்பிட்டுப் பேசுனேன்."

"எந்தப் பாஷையில?" இது பாய்.

"தமிழ்தான். கேரளாப் பக்கத்து யானைன்னா கொஞ்சம் மலையாளம் கலக்கும், மத்தபடி புரியும். கூட்டத்துல மூத்த பொம்பளை யானைதான் மேஸ்திரி. தும்பிக்கையாலயே அளந்துக்கும். குட்டிகளை வெச்சு சல்லி பொறுக்கிச்சு. மதியத்துக்குப் பலாப்பழம், ஞாயித்துக்கிழமை லீவு. ஒருத்தன் மட்டும் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு போனான், இன்னைக்கு வரைக்கும் வரல. ஆப்சென்ட்டு போட்டு வெச்சிருக்கேன்."

சரசக்கா நெத்தி வேர்வையைத் தொடச்சுக்கிட்டாங்க. "அப்ப ஒண்ணு பண்ணுங்ணா. எறங்கிப் போயி இதைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க. கூட்டத்துக்கு நேரமாகுது."

நாச்சிமுத்தண்ணன் யானையை நல்லா உத்துப் பாத்தாரு.

"இது புதுசா வந்தது. எனக்குப் பழக்கமில்ல. பழக்கமில்லாதவங்ககிட்ட நாமளாப் போயிப் பேசுனா நல்லா இருக்காது."

"அதுவும் சரிதானுங்க" அப்படின்னாங்க சரசக்கா. அந்தக் குரல்லயே அவரு வாயை மூடியிருக்கணும். அவரு மூடல.

"எடம் சுத்தமாச்சா, சில்லறை டென்ட்டே வேண்டாம்னு ஒரே டென்ட்டாப் போட்டேன். இந்த மொனையில மழை பெய்யும், அந்த மொனையில வெயிலடிக்கும். நடந்து மாளாதுன்னு உள்ளாறயே டவுன் பஸ் விட்டாங்க. பாய்க்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

"நீங்க அப்ப லீவுல இருந்தீங்க பாய். புதுசாக் கல்யாணம் ஆன சோடி ஒண்ணு இந்த மொனையில தங்கி இருந்துச்சு. அந்த மொனையில டீக்கடை. டீ குடிச்சுட்டு வர்றோம்னு கெளம்புனவங்க, திரும்பி வர்றப்பக் கையில கொழந்தை. அதுக்குப் பல்லு மொளச்சிருந்துச்சு. பேரு வெக்க என்னைத்தான் கூப்பிட்டாங்க."

"டீ எப்படி இருந்துச்சாம்?"ன்னு சரசக்கா கேட்டாங்க.

"ஆறிப் போச்சுன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாய் திரும்பி மொறச்சாரு. யானையோட காதும் ஒருக்கா நின்னு அப்புறம் ஆடுச்சு.

"இதுல என்ன சங்கடம் ஆச்சுன்னா, காடு பூரா ஆளுங்க நெறைஞ்சு மிருகங்களுக்கு எடமில்லாமப் போச்சு. ஒரே சத்தம், பாட்டு, பிரியாணி வாசம். மானெல்லாம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிப் படுத்துக்கிச்சு. புலி லாட்ஜுல ரூம் கேட்டுச்சு. அங்க இருந்த மேனேஜரு ஆதார் இல்லாமத் தர மாட்டேன்னான். புலி ஒண்ணும் சண்டை போடல. ஒரு கொட்டாவி விட்டுச்சு. அவன் சாவியை டேபிள் மேல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். அப்புறம் கலெக்டரே எனக்குப் போன் பண்ணி, நாச்சிமுத்து, டென்ட்டைப் பிரிச்சுருங்க, புலி காலையில வெந்நி கேக்குதுன்னாரு."

"பிரிச்ச டென்ட்டு எங்கண்ணா இருக்கு?"ன்னேன்.

அவரு ஜீப்புக்கு வெளிய கையை நீட்டினாரு. எதிருல கருநீலமா, உச்சியில மேகத்தோட, முள்ளிமலை.

"மடிச்சு வெச்சது அதுதான். மேல புல்லு மொளச்சிருச்சு. நானும் போயித் தட்டி எடுக்கணும்னு பாக்கறேன், தோதுப்படல."

நீட்டின கையைத்தான் யானை பாத்துச்சுன்னு நெனக்கறேன். தின்னுக்கிட்டிருந்ததைக் கீழ போட்டுட்டு ஜீப்பைப் பாத்து நடந்து வந்துச்சு. ஓடி வரல, சாதாரணமாத்தான் வந்துச்சு. சரசக்கா என் தோளைப் பிடிச்சாங்க, நகம் பதிஞ்சுது. பாய் உதடு மட்டும் அசைஞ்சுது. யானை பானெட் மேல தும்பிக்கையை வெச்சு, ஊதி, மோந்து பாத்துச்சு. கண்ணாடி பூராவும் ஆவி படிஞ்சுது. அப்புறம் ஜீப்பை ஒரசிக்கிட்டே, வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு திரும்பி நிமிர, பின்பக்கமாப் போயி ஆத்துப் பக்கம் சரிவுல எறங்கிருச்சு.

அப்பத்தான் பாத்தோம், நாச்சிமுத்தண்ணனைக் காணோம். சீட்டுக்கடியில, சரசக்கா கொண்டாந்த வாழையிலைக் கட்டுக்குள்ள தலையை விட்டுக் கெடந்தாரு.

"போயிருச்சுங்ணா. எந்திரிங்க."

எந்திரிச்சு, தலையில ஒட்டியிருந்த இலைக்கிழிசலை எடுத்துப் போட்டாரு. முகம் வெளுத்திருந்துச்சு. ஆனா வாய்க்கு ஒண்ணும் ஆகல.

"கிட்ட வந்தப்பறம்தான் தெரிஞ்சுது, அது நம்ம ஆப்சென்ட்டு. என்னையப் பாத்திருந்தா மன்னிப்புக் கேட்டு அழுதிருக்கும், சமாதானம் பண்றதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிருக்கும். உங்களுக்காகத்தான் ஒளிஞ்சேன்."

நாங்க போறப்பக் கூட்டம் பாதி முடிஞ்சிருந்துச்சு. ரேஞ்சர் மேடம் சின்ன வயசு, பேரு யாழினி, மெல்லிசாப் பேசறவங்க. செவுத்துல ஒரு வரைபடம் மாட்டி, புது டென்ட்டு வர்ற எடத்தைப் பச்சையில காமிச்சிருந்தாங்க. ஆத்தோரம். சரசக்கா அதைப் பாத்ததும் உக்காரக்கூட இல்ல.

"மேடம், அங்க வேண்டாமுங்க. யானை தண்ணிக்கு எறங்கற தடம் அதுதான். இப்பக் கூட ஒண்ணு எங்க வண்டியை இடிச்சுக்கிட்டு அதுலதான் எறங்குச்சு. மேல பழைய எஸ்டேட் லைன் வீடு இருந்த மேடு சும்மாத்தான் கெடக்குது. அங்க போடுங்க. சமையலை எங்களுக்கே விட்டுருங்க. கம்பெனிக்காரன் ராத்திரி யானை வந்தா கதவைச் சாத்திக்குவான். நாங்க, தங்க வந்தவங்களையும் உள்ள கூட்டிட்டுத்தான் சாத்துவோம்."

மேடம் எந்திரிச்சு, ஜன்னல் வழியா ஜீப்பு பக்கவாட்டுல யானை ஒரசி விழுந்த ஒடுக்கைப் பாத்தாங்க. திரும்பி வந்து வரைபடத்துல பச்சையைக் குறுக்க அடிச்சுட்டு மேட்டுல வட்டம் போட்டாங்க. "சமையல் உங்க குழுவுக்கேன்னு மேலிடத்துக்கு எழுதறேன்மா. அதுல மாத்தமில்ல" அப்படின்னாங்க. சரசக்கா அப்பத்தான் உக்காந்தாங்க, தண்ணி கேட்டாங்க.

"ஆனா மேட்டுலயும் ராத்திரி யானை வரத்தான் செய்யும்"னு மேடம் சொன்னாங்க. "அதுக்கு ஒரு வழி பண்ணணும்."

அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். டென்ட்டு வேலையைக் கேட்டிருக்கலாம், கேக்கத்தானே வந்தாரு. எந்திரிச்சு நின்னாரு.

"மேடம், நான் கீழ்ப்பாறை. நான் ஒரு எடத்துல படுத்திருக்கேன்னு தெரிஞ்சாப் போதும், மரியாதைக்குன்னு ஒரு யானையும் அந்தப் பக்கம் வராதுங்க. இவங்களையே கேளுங்க, இன்னைக்குக் கூட ஒண்ணு நான் இருக்கறது தெரிஞ்சு சரிவுல எறங்கிப் போயிருச்சு."

மேடம் அவரை ஏற எறங்கப் பாத்தாங்க. சிரிக்கல.

"நல்லதாப் போச்சுங்க. ராத்திரிக் காவலுக்கு ஆள் கெடைக்காமத்தான் இத்தனை நாளாத் திண்டாடறோம். மேட்டுல மொத டென்ட்டு நின்னதும் நீங்க வந்து படுத்துக்குங்க." பேனாவைத் தெறந்தாங்க. "பேரு சொல்லுங்க."

பேரு கேட்டா அப்பன், பாட்டன், குலதெய்வம் வரைக்கும் சொல்ற மனுசன். என்னை ஒருக்கா திரும்பிப் பாத்தாரு.

"வெள்ளிங்கிரிங்க மேடம்" அப்படின்னாரு.

அது என் பேரு.