முள்ளம்பன்றி செய்த இரண்டு ஒப்பந்தங்கள்

காட்டுச் சுனைக்கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் செம்மண்ணால் நாடுகளை வரைந்து, புளியங்கொட்டைகளைப் படைகளாக வைத்து, விலங்குகள் ராஜ்ய விளையாட்டு ஆடுவது வழக்கம். கோடையில் சுனை சுருங்கிவிடும்; எல்லாருக்கும் போதாது. அதனால் ஆட்டத்தில் தோற்றவர் மழை வரும்வரை தண்ணீரில்லாத மேட்டுக்காட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு இது முதல் ஆட்டம். பனிக்காலம் முழுக்க விதிகளைப் படித்தான். வரி, தானியம், தூது, எல்லைக் காவல் எல்லாம் மண்டையில் ஏறாமல் வழுக்கிக்கொண்டு போயின. ஒரே ஒரு விதிதான் இனித்தது. நட்பு ஒப்பந்தம் செய்த இருவர் ஆட்டம் முடியும்வரை ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் போருக்குப் போனால் மற்றவர் படை அனுப்ப வேண்டும். முள்ளுக்குப் பயந்து அவனை ஒட்டி இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆட்டம் தொடங்கியதும் கீரியிடம் ஓடிப்போய் ஒப்பந்தம் செய்தான். அது போதவில்லை. உடும்பிடமும் போனான்.

நடுவரான மயில் கழுத்தைச் சாய்த்தான். "ரெண்டு பேரும் பக்கத்து நாட்டுக்காரங்க. யோசிச்சுச் செய்யப்பா."

"எல்லாரும் சிநேகமா இருந்தா சண்டை எங்கேர்ந்து வரும், அண்ணே?"

ஒரு பக்கம் கீரி, மறு பக்கம் உடும்பு. நடுவில் ஊசியப்பன், முட்களைப் படிய வைத்துக்கொண்டு, மூச்சைக்கூடப் பெரிதாக விடாமல் உட்கார்ந்திருந்தான்.

பொழுது சாய்வதற்குள் கீரி உடும்பு நாட்டு ஆற்றங்கரைக்கு ஆசைப்பட்டு உடும்பின்மேல் போர் அறிவித்தான்.

"கிளம்பு, பங்காளி" என்றான் கீரி.

"எனக்குத்தானே வாக்குக் கொடுத்தே, மச்சான்?" என்றான் உடும்பு.

ஒருவரைக் கைவிட்டு மற்றவரோடு சேரலாம் என்று மயில் விதியை எடுத்துச் சொன்னான். ஆனால் கைவிடப்பட்டவர் எழுந்து போய்விடுவார். ஊசியப்பன் இடமும் வலமும் பார்த்தான். படையைச் சரிபாதியாகப் பிரித்து இருவருக்கும் அனுப்பினான்.

துணைக்கு வந்த படைதான் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் விதி. ஆற்றங்கரையில் ஊசியப்பன் படையும் ஊசியப்பன் படையும் நேருக்கு நேர் நின்று மோதின. ஒரு கொட்டைகூட மிஞ்சவில்லை. தங்கள் படை கலையாத கீரியும் உடும்பும் அவனுடைய தலைக்கு மேலாகவே சமாதானம் பேசி, காவலில்லாமல் கிடந்த அவன் நாட்டை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள்.

மயில் தொண்டையைச் செருமினான். "உன்னை நீயே தோற்கடிச்சிருக்கே. வாழ்த்துச் சொல்றதா, துக்கம் விசாரிக்கிறதா, தெரியலையேப்பா."

ஆட்டம் முடிந்துவிட்டது. இரண்டு நண்பர்களும் எழுந்து சுனைக்குப் போனார்கள். அவர்கள் தண்ணீர் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஊசியப்பன் மேட்டுக்காட்டுப் பாதையில் ஏறினான்.

எல்லாருக்கும் நண்பனாக இருக்க ஆசைப்பட்டு, எதிரெதிரே நிற்பவர்கள் இருவருக்கும் வாக்குக் கொடுப்பவன், கடைசியில் தன்னோடுதான் போரிட வேண்டியிருக்கும்.