கொட்டுப்பூவின் சாயலில் வந்த நத்தை

ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியில், உப்புநீருக்குள், ஒரு பவளம் தன் பிள்ளைகளான மொட்டுகளோடு பாறையில் ஒட்டி வாழ்ந்து வந்தது. கோமாளி மீனும் சங்கு நண்டும் அதற்கு அக்கம்பக்கத்தார். அவர்கள் நினைத்த இடத்துக்குப் போவார்கள், வருவார்கள். பவளத்தால் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசைய முடியாது.

அதன் பக்கத்திலேயே கொட்டுப்பூ என்ற, பூவைப் போலத் தோன்றும் ஒரு கடல்பிராணி முளைத்திருந்தது. பார்த்தால் பழுப்பு நிறப் பூ, தொட்டால் நெருப்பு. அதன் இழை பட்டுத்தான் பவளத்தின் மூத்த மொட்டு கருகி உதிர்ந்தது. மிச்சப் பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டுமே என்று பவளம் தவியாய்த் தவித்தது.

அந்தச் சமயத்தில், வீட்டுக்காரர் புதிதாக வாங்கி வைத்த கல்லிலிருந்து ஓடில்லாத நத்தை ஒன்று ஊர்ந்து வந்தது. அதன் முதுகு முழுக்கப் பழுப்பு இழைகள். அச்சு அசல் கொட்டுப்பூவின் இழைகள்!

தொட்டியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், இன்னார் என்று முடிவு கட்டிய பிறகுதான் இடம் கொடுப்பார்கள். முடிவு கட்டுகிறவர்கள் மீனும் நண்டும். இந்தக் கண்ணாடிக்கு வெளியே இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பெரிய மனுஷத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை. மீன் அதை அட்டை என்றது. நண்டு புழு என்றது. சொந்தமாக ஓர் ஓடுகூட இல்லாதவனை எப்படி நம்புவது என்றும் கேட்டது. நண்டு போட்டிருந்த ஓடே செத்துப்போன ஒரு நத்தையுடையது. அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

"என் பேரு எனக்கே தெரியாதுங்க," என்றது நத்தை. "நான் என்ன சாப்பிடுவேன்னு கேளுங்க, சொல்றேன்."

"தன் பேரே தெரியாதவன் சொல்றதை நம்பச் சொல்றியா?" என்றது நண்டு.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பவளத்தைக் கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொல்லுக்கு மதிப்பு உண்டல்லவா? பவளம் அந்த இழைகளையே பார்த்தது.

"இது அந்தக் கொட்டுப்பூவோட இனம். என் பிள்ளையைக் கருக்கின இழைதான் இது முதுகுலயும் இருக்கு. துரத்துங்க."

நத்தை வாய் திறப்பதற்குள் மீன் வாலால் ஓங்கி ஓர் அடி கொடுத்தது. நத்தை உருண்டுபோய், தண்ணீரை இழுக்கும் பம்பின் வாய்க்குள் விழுந்தது. பம்பு சற்றுத் திணறியது, பிறகு பழையபடி ஓடியது. தொல்லை விட்டது என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதற்குப் பிறகு கொட்டுப்பூவைப் பிடிக்க ஆளில்லை. பாறை முழுக்கக் குட்டி போட்டுப் பரவியது. பவளத்தின் மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கருகின. மீன் மேல்தண்ணீருக்குப் போய்விட்டது. நண்டு ஓட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்குக் குடிபோனது. நகரத் தெரிந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

ஒரே ஒரு மொட்டு மிஞ்சியபோது கொட்டுப்பூ பேசியது.

"உனக்குத்தான் நன்றி சொல்லணும். எங்களைத் தவிர வேற எதுவும் அந்த நத்தைக்குத் தொண்டையில இறங்காது. எங்களைத் தின்னு தின்னுதான் எங்க சாயல் அதுக்கு வந்துச்சு."

கொட்டுப்பூவின் இழை மெல்ல நீண்டு, கடைசி மொட்டின் மேல் படிந்தது.

சாயலை மட்டும் பார்த்துப் பகைவன் என்று முடிவு கட்டுகிறவர்கள், தங்களைக் காக்க வந்தவனைத் தங்கள் வாயாலேயே கொன்றுவிடுகிறார்கள்.