மூக்காயி பூசி அடைத்த அறை

வாய்க்கால் ஓரத்து வயல் வரப்புக்கு அடியில் மூக்காயி என்ற வயல் எலி குடித்தனம் நடத்தி வந்தாள். புருஷன் பெயர் பல்லப்பன். குட்டிகள் மூன்று. தை மாச அறுவடையின்போது குடும்பமே சேர்ந்து நெற்கதிரைக் கத்தரித்துக் கத்தரித்து வளைக்குள் இழுத்துப் போட்டது. மேல் அறை நிரம்பியது. கீழ் அறையும் நிரம்பியது.

"இனி ஆடியில நாற்றங்காலுக்கு விதை விழுகிற வரைக்கும் இதுதான் நம்ம சோறு. மூக்காயி, இது உன் பொறுப்பு!" என்றான் பல்லப்பன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் நெல் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூக்காயி கெட்டிக்காரிதான். ஒரு மணி சிந்தமாட்டாள். 'மூக்காயி கை பட்டால் பதரும் நெல்லாகும்' என்று வரப்பு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சுதான் அவளுக்கு வினையாக வந்தது.

சித்திரையில் ஒருநாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. நாலைந்து நாள் கழித்து மூக்காயி கீழ் அறைக்குப் போனாள். ஐயோ! சுவர் வழியே தண்ணீர் கசிந்திருந்தது. நெல்லெல்லாம் பூஞ்சை பிடித்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. பாதிச் சோறு போச்சு!

வேறு யாராக இருந்தாலும், "ஏங்க, ஓடி வாங்க!" என்று கத்தியிருப்பார்கள். மூக்காயி கத்தவில்லை. 'கெட்டிக்காரின்னு ஊரே பேசுது. நெல்லைத் தண்ணியில விட்டுட்டேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?' என்று நினைத்தாள். ஈர மண்ணைக் குழைத்து, அந்த அறையின் வாசலைச் சுவரோடு சுவராகப் பூசி அடைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவள் சோற்றையே மறைத்தாள்!

அன்றைக்குச் சாப்பிடும்போது பல்லப்பன் கேட்டான், "மழை பலமா பெஞ்சுதே, நெல்லெல்லாம் நல்லா இருக்கா?"

"இருக்கு, இருக்கு! நீங்க சாப்பிடுங்க!"

இருக்கு என்று சொன்ன பிறகு அவனுக்கு என்ன கவலை? நேரே அடுத்த வரப்பில் இருந்த தம்பி சன்னாசி வீட்டுக்குப் போனான். "தம்பி, உங்க அண்ணிகிட்ட நெல் மலையா கிடக்கு. நாளைக்கு எல்லாரும் சாப்பிட வந்துடணும். வரலேன்னா நான் உன்கூடப் பேசமாட்டேன்!" என்றான்.

சன்னாசி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். ஆறு வயிறு! போகட்டும், ஒரு நாள் விருந்துதானே என்றால், பல்லப்பன் வாரா வாரம் கூப்பிட ஆரம்பித்தான். மூக்காயி சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள். பரிமாறும்போதே மிச்ச நெல்லை மனசுக்குள் எண்ணினாள்.

ஒருநாள் கடைக்குட்டி பொடிச்சி ஓடி வந்தாள். "அம்மா, வாய்க்கால் மேட்டுல கோரைக்கிழங்கு நிறைய கிடக்கும்மா! தோண்டிக்கிட்டு வரட்டுமா?"

"சீ, நெல் திங்கிற வீட்டுல கிழங்கா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க!"

பொடிச்சி முகம் வாடிப் போனாள். மூக்காயிக்கும் மனசு வலித்தது. ஆனால் கிழங்கு வந்தால் கேள்வியும் கூடவே வருமே!

நெல்லோ குறைந்துகொண்டே போனது. யார் பங்கில் கை வைப்பது? புருஷன் பங்கில் வைக்க முடியாது. குட்டிகள் பங்கில் வைக்க மனசு வராது. மிச்சம் இருந்தது தன் பங்குதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாள். எல்லோரும் தின்று போட்ட உமியைப் பொறுக்கி நக்கினாள்.

"நீ சாப்பிடலையாம்மா?" என்று பொடிச்சி கேட்பாள்.

"நான் அப்பவே சாப்பிட்டேன்டி!" என்பாள் மூக்காயி.

ஆனி பிறந்தது. மேல் அறையில் தரை தெரிந்தது. ஆடிக்கு இன்னும் ஒரு மாசம் முழுசாகக் கிடந்தது. இனி மறைக்க வழியில்லை என்று ஆனபோது, பட்டப்பகலில் களத்து மேட்டுக்குப் புறப்பட்டாள். சிந்திய நெல் நாலாவது கிடைக்காதா என்ற நப்பாசை. உச்சி வெயிலில் வெட்டவெளிக்குப் போகிற எலி உண்டா? பசி அவளைப் போக வைத்தது.

வளையை விட்டு நாலு எட்டு வைப்பதற்குள் மேலே நிழல் ஆடியது. பருந்து!

மற்ற நாளாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் பொந்தில் பாய்ந்திருப்பாள். அன்றைக்குக் கால் மடங்கியது. எழுந்தாள், மறுபடி மடங்கியது. பருந்தின் நகம் முதுகில் பட்டது. அந்த நேரம் பார்த்து வளை வாசலுக்கு வந்த பல்லப்பன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, அவள் பிடரியைக் கவ்விப் பக்கத்து வெடிப்புக்குள் இழுத்துப் போட்டான். பருந்துக்குக் கொஞ்சம் மயிர்தான் மிஞ்சியது.

"என்ன புள்ள இது? தூக்கினா கனமே இல்லையே!" என்று பல்லப்பன் பதறினான். "நம்ம வீட்டுல என்ன குறைச்சல்?"

மூக்காயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாமே குறைச்சல்தாங்க!" என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

பல்லப்பன் அவளை வளைக்குக் கூட்டி வந்தான். பூசிய சுவரை இடித்தான். நாற்றம் முகத்தில் அடித்தது. மேல் அறையைப் பார்த்தான். நாலு பிடி நெல் கிடந்தது. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நான் கேட்டப்போ இருக்கு இருக்குன்னியே! ஏன் சொல்லல?"

"சொல்லாதது என் தப்புதான். நீங்க ஒருநாளாவது உள்ளே வந்து பார்த்தீங்களா?"

பல்லப்பன் பூஞ்சை நெல்லை ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். "பார்க்கலை. பார்க்காம ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டேன்" என்றான்.

"இப்பவாவது கிழங்கு தோண்டலாமா?" என்றாள் பொடிச்சி.

"தோண்டலாம், தோண்டலாம்! அண்ணனுங்களையும் கூட்டிக்கிட்டுப் போ! வெயில் தாழ்ந்த பிறகு போகணும், என்ன?" என்றாள் மூக்காயி.

பல்லப்பன் தம்பி வீட்டுக்குப் போனான். "தம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்றேன். வீட்டுல நெல் இல்லை. இனி உன்னை விருந்துக்குக் கூப்பிட முடியாது" என்றான்.

"அப்பாடா!" என்றான் சன்னாசி. "நாங்க வரலேன்னா நீ கோவிச்சுக்குவியேன்னு பயந்துதான் வந்து தின்னோம். இங்கே உளுந்து கிடந்து வண்டு பிடிக்குது, அண்ணே! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எடுத்துக்கிட்டுப் போ!"

உளுந்து வந்தது. கிழங்கும் வந்தது. அன்றிலிருந்து ஐந்து பேரும் முதலில் அறையைப் போய்ப் பார்ப்பார்கள். இருப்பதைப் பார்த்துப் பேசி, அப்புறம்தான் சாப்பிட உட்காருவார்கள். நாலு பிடி நெல்லும் மூக்காயிக்கே என்று குட்டிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டன. அவளும் வட்டத்தில் உட்கார்ந்து தின்றாள்.

ஒருநாள் பல்லப்பன் பழைய ஞாபகத்தில், "இன்னும் கொஞ்சம் உளுந்து போடு" என்றான்.

மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். "இல்லைங்க. இன்னிக்கு அவ்வளவுதான்!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் 'இல்லை' என்ற சொல் வந்ததே இல்லை. வந்துவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. பல்லப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஆடி பிறந்து நாற்றங்காலில் விதை விழுந்த அன்று, ஐந்து பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

வீட்டில் இருப்பது மட்டுமல்ல, இல்லாததும் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் குடும்பம் கரையேறும்.