ரெக்கார்டு ரூமில் ஒரு நல்ல பாம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் வரும் மூன்று பெண்கள் மேலேயும் எனக்குப் பிரியம் அதிகம். அதனால் தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். அவசரப்படாமல் கேளுங்கள். நானே மூன்று தடவை மனசை மாற்றிக்கொண்டவன்.

சான்றிதழெல்லாம் கையால் எழுதித் தந்த காலம். செஞ்சிப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் இருபது இருளர் வீடுகள். அதில் ஒரு வீட்டுக்காரி சின்னப்பாப்பா. எட்டு வயதிலிருந்து அப்பாவோடு வரப்பு வரப்பாக நடந்து, மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே இன்ன பாம்பு, இந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லக் கற்றவள். அவள் மகள் செண்பகம், அந்தக் குடியிருப்பிலிருந்து நர்சிங் படிக்க இடம் கிடைத்த முதல் பெண். வெள்ளிக்கிழமைக்குள் பழங்குடி என்ற சாதிச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த ஒரு தாளுக்காகப் பத்து மாதம் அலைந்தார்கள். நடந்த நடையில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் மறுபடி அலுவலகத்துக்குப் போனார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அஞ்சலையும் கூட வந்தாள். அவள் மகளை விடுதியில் சேர்க்க இதே சான்றிதழ் வேண்டும். அஞ்சலையும் இருளர்தான். ஆனால் ஆறு வயதிலிருந்து ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமையாக நெல் அவித்து வளர்ந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம்தான் வெளியே வந்தாள். பாம்பை விடுங்கள், ஓணானைக் கண்டாலே ஓடுவாள். அதைச் சொல்லிச் சின்னப்பாப்பா அவளைக் கேலி செய்யாத நாளில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். பொய்ச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள், சோதித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். இருளர் என்றால் பாம்பு பிடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம். செட்டியார் வீட்டுப் பிள்ளையிடம் தராசு பிடித்துக் காட்டு என்று யாராவது கேட்டதுண்டா? அது அவர் புத்திக்கு எட்டவில்லை. போதாக்குறைக்கு அவருடைய ரெக்கார்டு ரூமிலேயே நாலு நாளாக ஒரு நல்ல பாம்பு குடியிருந்தது. ஊழியர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"அதைப் பிடிச்சுக் காட்டும்மா. பிடிச்சா நீ இருளர். உடனே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

செண்பகத்துக்கு முகம் கறுத்துவிட்டது. வேண்டாம்மா, வா போகலாம் என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சின்னப்பாப்பா கேட்பாளா? அவளுக்கு அது குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி. மகளை அந்த வெள்ளை உடுப்பில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் வால் ஒரு கையிலும் குச்சி மறு கையிலுமாக வெளியே வந்து, பாம்பைத் துணிப்பைக்குள் விட்டுக் கட்டினாள். ஆபீஸே கைதட்டியது. அதிகாரியும் சொன்ன சொல் தவறாமல் செண்பகத்தின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குத் தெரியாதுங்க சாமி என்றாள் அஞ்சலை. தெரியாவிட்டால் நீ எப்படி இருளர் என்று அவள் மனுவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்.

நீட்டிய சான்றிதழைச் செண்பகம் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா பாம்பு புடிச்சதுக்கு இந்தப் பேப்பர்னா எனக்கு வேணாம் சார். எனக்கும் பாம்பு புடிக்கத் தெரியாது. நாளைக்கு என் பிள்ளைக்கும் தெரியாது. அப்ப நாங்க யாரு?"

அஞ்சலை பதறிப்போனாள். "வாங்கிக்க கண்ணு. என் பொண்ணு அடுத்த வருஷம்கூட சேரலாம். உனக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது" என்று அவள் கன்னத்தைத் தடவிக் கெஞ்சினாள். தான் அங்கே நின்றால் இந்தப் பெண் வாங்க மாட்டாள் என்று தோன்றியதும், விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். அழுதுகொண்டேதான் போனாள்.

மணி நாலே முக்கால். சான்றிதழ் மேஜைமேல் கிடக்கிறது. மகளின் படிப்புக்காகப் பாம்பைப் பிடித்தவள் தாய். கைக்கு வந்ததை வேண்டாம் என்றவள் மகள். பிறத்தியார் பிள்ளைக்காகத் தன் பிள்ளையின் தாளை விட்டுவிட்டுப் போனவள் அஞ்சலை. மூவரும் செய்தது பாசத்தால்தான், அதில் சந்தேகமே வேண்டாம். இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செண்பகம் செய்ததே சரி. அந்தத் தாளை அவள் வாங்கியிருந்தால், அஞ்சலை இருளர் இல்லை என்பதற்கும் சேர்த்துத் தலையாட்டியதாக ஆகியிருக்கும். இது என் தீர்ப்பில்லை, சின்னப்பாப்பாவின் தீர்ப்பு. அவள் மகள் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ அதிகாரியிடம், "பாம்பு புடிக்கிறது என் வேலை சாமி. அதுக்காக நான் இருளச்சி இல்ல. எங்கப்பன் ஆத்தாளுக்குப் பொறந்ததால இருளச்சி. அஞ்சலையும் அப்படித்தான். இதை எடுத்த எடத்துலயே விட்டுட்டுப் போறோம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ரெக்கார்டு ரூமைப் பார்த்து நடந்தாள். கைதட்டிய ஊழியர்கள் வாசலுக்கு ஓடினார்கள். அதிகாரியும் ஓடினார், ஆனால் அவர் ஓடியது பஸ் நிறுத்தத்துக்கு. பயமா வெட்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். அஞ்சலையைக் கையோடு கூட்டி வந்து எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவள் மனுவை எடுத்துப் பிரித்தார். இந்தத் தடவை அவர் கேட்டது அவளுடைய அப்பா பேர், அம்மா பேர், ஊர், அவ்வளவுதான்.