கழுதையோடு வந்த வருஷம்

வருஷத்துக்கு எண் போடத் தெரியாத காலத்தில், ஏழு வாசல் வைத்த ஓர் ஊரில், இல்தானி என்று ஒருத்தி இருந்தாளாம். ஊர் எங்கே என்றால், மேற்கே ரொம்ப தூரத்தில், இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவில். அங்கே மலை கிடையாது, கல் கிடையாது, மண்தான். வீடு மண், கோட்டை மண், கோயிலும் மண். எழுதுவதுகூட மண்ணில். ஈரக் களிமண்ணை வடை மாதிரி தட்டி, நாணல் குச்சியால் குத்திக் குத்தி எழுதி, காயப் போட்டுவிடுவார்கள். கல்யாணமா, ஒரு மண்சீட்டு. பாகப்பிரிவினையா, ஒரு மண்சீட்டு. பணக்காரன் தன் முத்திரையை அதன்மேல் உருட்டுவான். ஏழைக்கு முத்திரைக்கு எங்கே போவது? அவன் தன் துணியின் கரையை ஈர மண்ணில் அழுத்துவான். அந்த நூல் தடம்தான் அவன் கையெழுத்து.

இல்தானி நாணல் வாசல் பக்கத்தில் கள்ளுக்கடை வைத்திருந்தாள். பனங்கள் இல்லை, பார்லிக் கள். ஒரு பெரிய குடத்தை நடுவில் வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நாணல் குழாய் போட்டு உறிஞ்சுவார்கள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு மீன்காரன், பெண்டாட்டியை இழந்தவன், காய்ச்சலில் விழுந்தான். இனி பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும் தன் இரண்டு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இவ இனிமே உம் பொண்ணு" என்றான். சாட்சிகள் வந்தார்கள், மண்சீட்டு எழுதினார்கள், மீன்காரன் தன் துணிக் கரையை அழுத்தினான், பத்தாம் நாள் செத்துப்போனான்.

அந்தப் பெண் லமசி. பத்து வருஷத்தில் அவள் ஒரு நெசவுக்காரி ஆகிவிட்டாள். அவள் தறியில் துணிக்குக் கரை வைத்தால், கரையில் மீன் நீந்துகிற மாதிரி இருக்கும். ஆற்றின் மேல்முகத்து வியாபாரிகள் ஓடத்தைக் கரையில் கட்டிவிட்டு, "மீன் கரைத் துணி எங்கே" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இது ஒருத்தன் கண்ணில் பட்டது. அவன் பேர் பூசுர். ஊரின் பெரிய நெசவுக்கூடத்துக்கு மேலாளன். எழுதப் படிக்கத் தெரிந்தவன், அதனால் மற்றவர்களுக்கு மூளை இல்லை என்று நினைப்பவன்.

பூசுர் ஒருநாள் வந்தான். "பொண்ணை எங்க கூடத்துக்கு அனுப்பு. கூலி தரேன்."

"கூலிக்குப் போற பொண்ணு இல்ல. அவ எங் கடைக்கு வாரிசு" என்றாள் இல்தானி.

இரண்டாம் முறை வந்தான். "என் தங்கச்சி பையனுக்குக் கட்டிக் குடு."

"அவன் எங் கடையில தினம் விழுந்து கெடக்கிறவன். பொண்ணுக்குப் பன்னண்டு வயசு. போய் வேற வேலை பாருங்க."

மூன்றாம் முறை வரும்போது அவன் கையில் ஒரு மண்சீட்டு. "கேட்டா குடுக்கமாட்டே. சரி, இனிமே கேக்கல. இவ அப்பன் உங்கிட்டக் குடுக்கிறதுக்கு முன்னாடியே எங்கிட்டக் குடுத்துட்டான். ஆயுசுக்கும் எங்க வீட்டு வேலைக்காரி. பாரு, தேதி போட்டிருக்கு."

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம், தேதி எப்படிப் போடுவார்கள் என்று தெரியாவிட்டால் கதை புரியாது. நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது பேர் இருக்கிறது, சுற்றிச் சுற்றி வரும். அங்கே அப்படிச் சுற்றுவது கிடையாது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ராஜா புதுசாய் ஒரு பேர் வைப்பார். வாய்க்கால் வெட்டினால் அது 'பெரிய வாய்க்கால் வருஷம்'. கோயிலுக்கு வெள்ளி முரசு கொடுத்தால் 'வெள்ளி முரசு வருஷம்'. பேரை ராஜதானியில் எழுதி, மேலே ஒரு மண் உறை போட்டு மூடி, ஊர் ஊராய் அனுப்புவார்கள். கோயில் வாசலில் நீதிபதி அந்த உறையை உடைத்து வாசிக்கிற வரைக்கும் புது வருஷத்தின் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. சரிதானே? மேலே போவோம்.

இல்தானியின் சீட்டில் இருந்தது, வெள்ளி முரசு வருஷம், மூன்றாம் மாசம். பூசுர் சீட்டில் இருந்தது, வெள்ளி முரசு வருஷம், முதல் மாசம், ஐந்தாம் நாள். கீழே ஒரு துணிக் கரைத் தடம். ஏழைத் துணி எல்லாம் ஒரே துணி, தடத்தை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? சாட்சிகள் மூன்று பேர். மூன்று பேரும் செத்துப்போனவர்கள். செத்தவன் வந்து மறுத்துப் பேசமாட்டான், பூசுருக்கு அது தெரியும்.

வழக்கு கோயில் வாசலுக்குப் போயிற்று. நீதிபதி இரண்டு சீட்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தார். அவர் வயசானவர், மெதுவாகப் பேசுவார்.

"முன்னாடி எழுதினது எதுவோ அதுதான் செல்லும். இல்தானி, இது பொய்யுன்னா நீ காட்டணும். மூணு நாள் தரேன். நாலாம் நாள் காலையில பொண்ணு அவரோட போகணும்."

முதல் நாள் இல்தானி சாட்சிகளின் வீட்டுக்குப் போனாள். முதல் வீட்டில், "அவர் போய் ஆறு வருஷமாச்சு" என்றார்கள். இரண்டாம் வீட்டில், "அவர் எங்க கையெழுத்துப் போட்டாருன்னு யாருக்குத் தெரியும்" என்றார்கள். மூன்றாம் வீட்டில் பூட்டு தொங்கியது. வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

இரண்டாம் நாள் கடையைத் திறந்தாள். திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அழுகை வரும், அதற்குத் திறந்திருப்பதே மேல். லமசி தறியில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் நூல் ஓடவில்லை.

"அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா வாரத்துக்கு ஒருநாளாவது விடுவாங்களா?"

"வாயை மூடிட்டு நெய்."

அப்போது ஹபில் வந்தான். ஹபில் கழுதை ஓட்டுகிறவன், ஊருக்கே முட்டாள். அவன் உள்ளே காலை வைத்ததும் குடத்தைச் சுற்றி இருந்தவர்கள் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, வழக்கமாய்க் கேட்கிறதைக் கேட்டார்கள்.

"ஹபிலு, வருஷம் வந்துருச்சா?"

"வருது வருது, கழுதை தண்ணி குடிக்குது" என்று ஹபிலும் வழக்கமாய்ச் சொல்கிறதைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பத்து வருஷமாய் ஒரே கேள்வி, ஒரே பதில், ஒரே சிரிப்பு.

இல்தானி மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஹபிலு, ராஜதானியில இருந்து வருஷத்துப் பேரைக் கழுதையோட தாமசமா கொண்டுவந்தியே, அது எந்த வருஷம்?"

"நீயுமா அக்கா? கேலி பண்ணாம கள்ளு குடுக்கிற ஒரே எடம்னுதான் இங்க வரேன்."

"கேலி இல்லடா. எந்த வருஷம்?"

"வெள்ளி முரசு. மறக்குமா? ஆத்துல வெள்ளம். எங் கழுதை ஓடத்துல ஏறமாட்டேன்னுருச்சு. இழுத்தேன், ஏறல. அடிச்சேன், ஏறல. பாட்டுப் பாடினேன், படுத்துருச்சு. மூணு நாள்ல வரவேண்டியவன் அம்பது நாள்ல வந்தேன்."

"ஊருக்குள்ள வந்தது என்னைக்கு?"

"ரெண்டாம் மாசம், இருபதாம் நாள். கோயில் வாசல்ல நீதிபதி பெரியவரு என்னை ஏசின ஏச்சு இன்னும் காதுல இருக்கு."

இல்தானி ஹபிலைப் பார்த்தாள், பிறகு தறியைப் பார்த்தாள், பிறகு ஒரு புதுக் குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஹபிலுக்கு முன்னால் வைத்தாள். "குடி. உன் கழுதைக்கும் குடு" என்றாள்.

உங்களுக்குப் புரிந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள், பூசுருக்கே இன்னும் புரியவில்லை.

பேர் வந்து சேராத அந்த ஐம்பது நாளும் ஊர் சும்மா இருந்துவிடுமா? கல்யாணம் நடந்தது, பாகம் பிரிந்தது, மாடு கை மாறியது. சீட்டும் எழுதினார்கள். புதுப் பேர் தெரியாததால், முந்தின வருஷத்தின் பேரை வைத்து, 'பெரிய வாய்க்கால் வருஷத்துக்கு அடுத்த வருஷம்' என்று போட்டுவைத்தார்கள்.

மூன்றாம் நாள் இல்தானி தெருத் தெருவாய்ப் போனாள். ரொட்டி சுடுகிற அண்ணன் தம்பி இருவர் அந்த முதல் மாசத்தில் வீட்டைப் பிரித்துக்கொண்டவர்கள். "சீட்டைக் கொண்டுவாங்க" என்றாள், சரி என்றார்கள். மாட்டுக்காரன் ஒருவன் அந்த முதல் மாசத்தில் எருது வாங்கியவன். "சீட்டைக் கொண்டுவா" என்றாள், எருது செத்துவிட்டது, சீட்டு இருக்கிறது என்றான். மூன்றாவதாய்ப் போன வீடு தப்னியுடையது. தப்னிக்கும் இல்தானிக்கும் குப்பை கொட்டுகிற சண்டையில் எட்டு வருஷமாய்ப் பேச்சு இல்லை.

தப்னி கதவைப் பாதி திறந்தாள். "என்ன, கள்ளுக்காரிக்கு வழி தெரிஞ்சுதா?"

"குப்பை விஷயமா வரல. உனக்குக் கல்யாணம் நடந்தது ஆத்துல வெள்ளம் வந்த வருஷம், முதல் மாசம்தானே? சீட்டு வேணும்."

"எங் கல்யாணச் சீட்டு உனக்கு எதுக்கு?"

இல்தானி சொன்னாள். தப்னி கேட்டாள். உள்ளே போய்ப் பெட்டியைக் கிளறி ஒரு சீட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் தெரியும்.

"இந்த முத்திரையைப் பாத்தியா? ரெண்டு ஆடு முட்டிக்குது. எங் கல்யாணத்துக்குச் சாட்சி போட்டவன் முத்திரை. அன்னைக்கு மூணு தட்டு சாப்பிட்டான். யாருன்னு சொல்லு பாப்போம்."

எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாய் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

நாலாம் நாள் காலை கோயில் வாசலில் கூட்டம். பூசுர் தன் ஆட்களோடு வந்திருந்தான், பெண்ணைக் கூட்டிப்போகக் கழுதைகூடக் கொண்டுவந்திருந்தான்.

நீதிபதி கேட்டார். "இல்தானி, என்ன கொண்டுவந்திருக்கே?"

"தெருவைக் கொண்டுவந்திருக்கேன், ஐயா."

பின்னால் திரும்பிப் பார்த்தால், கூடை கூடையாய் மண்சீட்டோடு நாணல் வாசல் தெருவே நின்றது. முதலில் ரொட்டிக்காரர்கள் சீட்டை வைத்தார்கள். நீதிபதி வாசித்தார், 'பெரிய வாய்க்கால் வருஷத்துக்கு அடுத்த வருஷம், முதல் மாசம்'. பிறகு மாட்டுக்காரன் வைத்தான், 'பெரிய வாய்க்கால் வருஷத்துக்கு அடுத்த வருஷம், முதல் மாசம்'. பிறகு அடுத்த கூடை, அதற்கடுத்த கூடை, எல்லாவற்றிலும் அதே. அந்த மாசம் எழுதிய ஒரு சீட்டிலும் முரசு இல்லை.

"ஐயா, புதுப் பேரு ஊருக்கு வந்தது ரெண்டாம் மாசம் இருபதாம் நாள். கொண்டுவந்தவன் இதோ நிக்கிறான்" என்றாள் இல்தானி.

"நாந்தான். நீங்ககூட என்னை, கழுதையைவிடக் கேடுகெட்டவன்னு..." என்றான் ஹபில்.

"ஞாபகம் இருக்கு. உறையை உடைச்சது நான்தான்" என்றார் நீதிபதி. பிறகு பூசுர் பக்கம் திரும்பினார். "உறை உடையுறதுக்கு நாப்பத்தஞ்சு நாள் முன்னாடி உன் சீட்டுல முரசு எப்படி வந்தது?"

பூசுர் அசரவில்லை. "நான் பெரிய இடத்து ஆளு. ராஜதானியில எனக்கு ஆளுங்க இருக்காங்க. எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது."

அப்போதுதான் தப்னி முன்னால் வந்தாள். "ஐயா, இது எங் கல்யாணச் சீட்டு. இதையும் பாத்துடுங்க."

நீதிபதி வாசித்தார். 'பெரிய வாய்க்கால் வருஷத்துக்கு அடுத்த வருஷம், முதல் மாசம், எட்டாம் நாள்.' கீழே இரண்டு ஆடு முட்டிக்கொள்கிற முத்திரை.

"பூசுர், இது யார் முத்திரை?"

பூசுர் ஓர் அடி பின்னால் வைத்தான். அவன் கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கிய முத்திரையில் அதே இரண்டு ஆடு முட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சாம் நாள் உனக்கு வருஷத்துப் பேரு தெரியும். எட்டாம் நாள் மறந்துபோச்சு. இல்ல?" என்றார் நீதிபதி.

நடந்தது இதுதான். பூசுர் தானே உட்கார்ந்து சீட்டை எழுதினான். இல்தானியின் சீட்டைப் பார்த்து வருஷத்தை அப்படியே எடுத்துக்கொண்டான், மாசத்தை மட்டும் முன்னால் தள்ளினான். எழுத்தில் ஒரு பிழை இல்லை. கழுதை படுத்துக்கொண்டதை மட்டும் அவன் கணக்கில் எடுக்கவில்லை. அதை ஊரில் எல்லா முட்டாளும் அறிவான், படித்தவன் ஒருவன்தான் மறந்தான்.

அந்த ஊர்ச் சட்டம் நேரானது. பொய் வழக்குப் போட்டவன் அடுத்தவனிடம் எதைக் கேட்டானோ, அதையே தான் கொடுக்க வேண்டும். பூசுர் கேட்டது என்ன? ஆயுசுக்கும் வீட்டு வேலைக்கு ஓர் ஆள். ஆகவே அன்றைக்கு மத்தியானமே பூசுர் இல்தானியின் கடையில் ஊறின பார்லியைக் கிளறிக்கொண்டிருந்தான். கடைக்கு வந்தவர்கள் குழாயை எடுத்துவிட்டு, "மேலாளரே, வருஷம் வந்துருச்சா?" என்று கேட்டார்கள். ஹபிலை அதற்குப் பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை.

பொய்ச்சீட்டை நீதிபதி வாசற்படியில் போட்டு உடைத்தார். லமசி அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து, தறிக்கு நூல் இழுக்கிற கனக்குண்டு செய்துகொண்டாள். மண் கெட்டுப்போவதில்லை, எழுதுகிற கைதான் கெட்டுப்போகிறது.

ஏசின வாயாலேயே நீதிபதி ஹபிலைக் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் எழுதி ராஜதானிக்குக் கொடுத்தனுப்பினார். ராஜா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார், மூன்றாம் முறை சிரித்தார்.

அடுத்த வருஷத்தின் பேர், முதல் மாசம், மூன்றாம் நாள் ஊருக்கு வந்து சேர்ந்தது. 'பொய்ச்சீட்டு உடைந்த வருஷம்' என்று கோயில் வாசலில் வாசிக்கப்பட்டது. கழுதை தாமதிக்கவில்லை.